ஆல்டோ தரை ஈரம்: மழைத்தண்ணின்னு நெனச்சு நாலு மாசம் சுத்துன கதை

ஒருவழியா காஞ்சிருச்சு. நாலு நாளா இடது பக்க சீட்டுக்கு முன்னாடி, கால் வைக்கிற எடத்துல, கார்பெட்டுக்கு அடியில பழைய பேப்பர் மடிச்சுப் போட்டு ஓட்டிட்டு இருக்கேன், நேத்து செங்கல்பட்டு வரைக்கும் போயிட்டு வந்து உருவிப் பார்த்தா பேப்பர் மொறுமொறுன்னு அப்படியே இருக்கு. இந்த ஒரு பேப்பர் காயறதுக்கு அக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் நாலு மாசம், அஞ்சாயிரத்து சொச்சம் ரூபா, மூணு தப்பான முடிவு. மறக்கறதுக்குள்ள எழுதி வெச்சிடறேன்.

வண்டி 2007 மாடல் ஆல்டோ எல்எக்ஸ்ஐ, பழைய மாருதி 800-ல இருந்த அதே 796 சிசி மூணு சிலிண்டர் குடும்பம். 2019-ல ஒரு லட்சத்து அஞ்சாயிரத்துக்கு செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது, அப்ப 61 ஆயிரம் கிலோமீட்டர், இப்ப 88 தாண்டியாச்சு. 2022-ல பதினஞ்சு வருசம் முடிஞ்சு ஆர்சி அஞ்சு வருசத்துக்கு ரினிவல் பண்ணேன், சரியா அந்த வருசம் ஏப்ரல்ல இருந்துதான் ஃபீஸ் 600-ல இருந்து 5,000 ஆச்சு, என் நேரம். அதனால 2027 வரைக்கும் இதை விக்கிற ஐடியா இல்ல. சேலையூர் பக்கம் எங்க சந்துல இதைத் தவிர வேற கார் திரும்பாது, பன்னெண்டு இஞ்ச் டயர் நாலும் சேர்த்து வாங்குனாலும் பெரிய காரோட ரெண்டு டயர் காசுதான் ஆகுது, பானெட்டைத் தொறந்தா கை உள்ள போற அளவுக்கு எடம் இருக்கு. எனக்கு அது போதும்.

2024 அக்டோபர் நடுவுல சென்னைல அடிச்சு ஊத்துச்சே ஒரு மழை, அப்பதான் ஆரம்பம். வீட்டுக்காரம்மா எறங்கும்போது "என்னங்க, கால் வைக்கிற எடமெல்லாம் சொதசொதன்னு இருக்கு"ன்னாங்க. மழை பெய்யுது, கார்ல தண்ணி இருக்கு, ரெண்டையும் கூட்டிப் பார்க்க பெரிய மூளை வேணுமா? முன் கண்ணாடி ஓரத்துல பழைய சீலன்ட் அங்கங்க வெடிச்சும் இருந்துச்சு. நேரா ஹார்டுவேர் கடைக்குப் போய் சிலிக்கான் ட்யூப் ஒண்ணு 180, அதை அமுக்குற கன் 150, வாங்கிட்டு வந்து கண்ணாடியச் சுத்தி வரைஞ்சு தள்ளுனேன். புளிச்ச வாடை, வினிகர் மாதிரி, கார் முழுக்க ரெண்டு நாளைக்கு. அந்த வாடைக்கு அர்த்தம் அப்புறமாதான் தெரிஞ்சுது, அது பாத்ரூம் டைல்ஸ் ஓரத்துக்குப் போடற ரகம், காயும்போது அசிட்டிக் ஆசிட் விடும், பெயின்ட் போன தகரத்து மேல பட்டா துருவ அதுவே கூப்பிட்டு உட்கார வைக்கும். காருக்குன்னா நியூட்ரல் கியூர்னு போட்டிருக்கறதையோ கண்ணாடி ஒட்டற யூரித்தேனையோதான் வாங்கணும். நான் போட்டதை மறுபடி பிளேடால சுரண்டி எடுக்க ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு.

இதுல பெரிய கூத்து என்னன்னா, சிலிக்கான் போடறதுக்கு முன்னாடியே டெஸ்ட் பண்ணியிருக்கலாம். ஒருத்தர் உள்ள டார்ச்சோட உட்காரணும், இன்னொருத்தர் வெளிய ஹோஸ் பைப்ல கண்ணாடி மேல பத்து நிமிஷம் தண்ணி விடணும், காசே இல்லாத வேலை. நான் இதை சிலிக்கான் சுரண்டுன பிறகு பண்ணேன். பையனை உள்ள உட்கார வெச்சேன். ஒரு சொட்டு வரல. பத்து நிமிஷம் கழிச்சு அவன் "அப்பா, உள்ள வேர்க்குது, அந்தத் தண்ணி கணக்குல வருமா"ன்னு கேட்டான்.

சரி, மழை இல்ல, அப்ப ஏசி. இடது பக்கம் டேஷ்போர்டுக்குள்ளதான் கூலிங் காயில் இருக்கு, அதுல சேர்ற தண்ணி ஒரு சின்ன ரப்பர் ட்யூப் வழியா வெளிய சொட்டணும், அது அடைச்சா தண்ணி உள்ள திரும்பும். இது பழைய வண்டி வெச்சிருக்கற எல்லாருக்கும் ஒரு தடவையாவது வரும். வண்டியத் தூக்கி ஸ்டாண்டு போட்டு அடியில படுத்து, பழைய சைக்கிள் பிரேக் கேபிளோட நுனிய மழுங்க வளைச்சு, ட்யூப்புக்குள்ள மெதுவா விட்டு ஆட்டுனேன். அழுத்திக் குத்தக்கூடாது, மேல காயில் இருக்கு, ஓட்டை விழுந்தா கேஸ் போயிரும். கொஞ்சம் ஆட்டுனதும் களிமண் மாதிரி ஒரு உருண்டை விழுந்துச்சு, பின்னாடியே அரை டம்ளர் தண்ணி சரியா என் காதுக்குள்ள. அன்னைக்கு இருந்த சந்தோஷம் இருக்கே. கார்பெட்டைத் தூக்கி அடியில ரெண்டு செங்கல் முட்டுக் கொடுத்து, டேபிள் ஃபேன் போட்டு, நடுவுல வெயில் வந்த ரெண்டு நாள் கதவைத் தொறந்து வெச்சு காய வெச்சேன். காஞ்சுது. முடிஞ்சதுன்னே நெனச்சேன்.

அடைப்பு நிஜமாவே இருந்துச்சு, அதுதான் என்னை ஏமாத்துனது. ரெண்டு வாரம் தரை காஞ்சே கெடந்துச்சு, ஆனா அந்த ரெண்டு வாரமும் நான் ஓட்டுனது வீட்டுல இருந்து தாம்பரம் ஸ்டேஷன், ஸ்டேஷன்ல இருந்து வீடு, எஞ்சின் நல்லா சூடாகறதுக்குள்ள ஆஃப் பண்ணிடுவேன். நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் வந்தப்ப வண்டி தெருவுல வெட்டவெளில ரெண்டு நாள் நனைஞ்சு நின்னுச்சு, நான் எடுக்கவே இல்ல. புயல் போனதும் பயந்துகிட்டே கதவைத் தொறந்தா தரை காஞ்சிருக்கு. அடுத்த வாரம் நல்ல வெயில்ல காஞ்சிபுரத்துல ஒரு கல்யாணம், போக அம்பது வர அம்பது கிலோமீட்டர் இருக்கும், ஏசி போட்டுப் போயிட்டு வந்து பார்த்தா தரை சொதசொத. புயல்ல நனையாத தரை வெயில்ல நனையுது. அப்பவும் எனக்கு உறைக்கல, ட்யூப் மறுபடி அடைச்சிருச்சுன்னு மறுபடி பிரேக் கேபிளைத் தேடுனேன். ட்யூப்ல இருந்து தண்ணி சொட்டுசொட்டா ஒழுங்கா வெளிய வந்துட்டுதான் இருந்துச்சு.

எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன் கிட்ட கொண்டு போனேன். அவர் மேல இருந்து கீழ வரைக்கும் பார்த்துட்டு "டோர் பீடிங் மாத்திப் பாருங்க சார்"னாரு, அதாவது கதவோரத்து ரப்பர், 300 வாங்கிட்டாரு. மாத்தல. வெளிய வந்து சீட்டுல உட்கார்ந்து யோசிச்சேன், கண்ணாடில உள்பக்கம் ஒரு மங்கல் படலம் ரெண்டு மாசமா இருக்கு, துணி வெச்சுத் தொடைச்சா போகாம எண்ணெய் தேச்ச மாதிரி இழுவும், நைட்டுல எதிர் வண்டி லைட் அடிச்சா கண்ணு கூசும். ஏசி போட்ட உடனே ஒரு இனிப்பு வாடையும், வெல்லப்பாகு லேசா காயற மாதிரி. வீட்டுக்காரம்மா அதை கார் பெர்ஃப்யூம்னு நெனச்சிருக்காங்க.

வீட்டுக்கு வந்து பழைய வெள்ளை வேட்டில ஒரு கிழிசல் எடுத்து நாலா மடிச்சு, கார்பெட்டுக்கு அடில, தகரத்துல, முட்டி போட்டு நல்லா அழுத்திப் பிடிச்சேன். எடுத்துப் பார்த்தா வெறும் ஈரம்தான், கலரே இல்ல. ஆனா விரல் ரெண்டையும் தேச்சா வழுக்குது, கொஞ்ச நேரம் கழிச்சு ஒட்டுது. தண்ணி வழுக்காது. துணியக் கொடில போட்டேன், பக்கத்துல வெறும் தண்ணில நனைச்ச துணி ஒண்ணும் போட்டேன். ஒரு மணி நேரத்துல தண்ணித் துணி காஞ்சிருச்சு, கார் துணி சாயங்காலம் வரைக்கும் சதசதன்னு இருந்துச்சு, நடுவுல ஒரு வெளுத்த பச்சை வட்டம், உத்துப் பார்த்தாதான் தெரியும். கூலன்ட். தரைல இருந்தது மழையும் இல்ல, ஏசி தண்ணியும் இல்ல, எஞ்சினைச் சுத்தி ஓடற தண்ணி. (ருசி பார்த்து கண்டுபிடிக்கற வேலையெல்லாம் வேண்டாம், கூலன்ட் விஷம். இனிப்பா இருக்கறதால நாய் பூனை நக்கும், கீழ கொட்டுனா உடனே தண்ணி விட்டுக் கழுவிருங்க.)

கலர் ஏன் வெளுத்துப் போச்சுன்னு சொல்றதுக்குதான் வெக்கமா இருக்கு. ரெண்டு வருசமா ரிசர்வ் டேங்க்ல லெவல் எறங்க எறங்க நான் ஊத்துனது வீட்டு போர் தண்ணி. பழைய வண்டின்னா கொஞ்சம் தண்ணி குடிக்கத்தான் செய்யும்னு ஒரு நெனப்பு, மாசம் ஒரு டம்ளர். எங்க ஏரியா போர் தண்ணி எப்படின்னா பக்கெட்ல ராத்திரி பிடிச்சு வெச்சா காலைல ஓரத்துல வெள்ளையா வளையம் கட்டும். அந்த உப்பு எஞ்சினுக்குள்ள சுத்திச் சுத்தி மெல்லிசா இருக்கற எடத்தை அரிச்சிருக்கு. அந்தத் தண்ணியே கூலன்ட் கலரை வெளுக்க வெச்சு, கண்டுபிடிக்க இருந்த ஒரே அடையாளத்தையும் அழிச்சிருக்கு. ஒழுங்கா கூலன்ட் ஊத்தியிருந்தா முதல் நாளே கார்பெட்ல பச்சையா தெரிஞ்சிருக்கும்.

சரி, எஞ்சின் தண்ணி காருக்குள்ள எப்படி வரும்? ஹீட்டர். டேஷ்போர்டுக்குள்ள ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கு, சுடுதண்ணி அதுக்குள்ள ஓடும், ஃபேன் காத்து அது மேல பட்டு சூடா வரும். சென்னைல ஹீட்டர் போட்டவன் யாரு? அஞ்சு வருசத்துல ஊட்டிக்கு ஒரு தடவை போனப்ப போட்டதோட சரி. நாம போடலைன்னாலும் குழாய்ல தண்ணி நின்னுகிட்டுதான் இருக்கும், பிரஷர் இருந்துகிட்டுதான் இருக்கும், ஓட்டை விழுந்தா லாங் டிரைவ்ல எஞ்சின் நல்லா சூடாகி பிரஷர் ஏறும்போதுதான் ஒழுகும். ஸ்டேஷனுக்குப் போற ஓட்டத்துல ஒழுகாம காஞ்சிபுரம் போனப்ப ஒழுகுனதுக்கு இதான் காரணம்.

மாத்தணும்னா டேஷ்போர்டு முழுசா கழட்டணும். ஒரு எடத்துல கேட்டப்ப லேபர் 4,500, கோர் (அந்தக் குட்டி ரேடியேட்டர்) 1,600, ஏசி யூனிட்டையும் நகர்த்த வேண்டியிருந்தா கேஸ் ஏத்த 1,800, ஆக 7,900 சொன்னாங்க. பதினேழு வருசப் பழைய பிளாஸ்டிக் டேஷ்போர்டைக் கழட்டி மாட்டுனா அப்புறம் ஆயுசுக்கும் கடகடன்னு சத்தம் போடும், அது வேற. பழைய கார் பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டைல கோர் ஒண்ணு 600-க்குக் கெடைச்சுது, உள்ள பார்த்தா சேறு காஞ்சு கெடக்கு, வெச்சுட்டு வந்துட்டேன். பைபாஸ் பண்ணிரலாம்னு முடிவு. எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகரச் சுவர்ல ரெண்டு ஹோஸ் உள்ள போகும், ஒண்ணு போற வழி, ஒண்ணு வர்ற வழி. ரெண்டையும் உருவி ஒண்ணோட ஒண்ணு இணைச்சுட்டா ஹீட்டர் சுத்துல இல்ல, அவ்வளவுதான் வேலை.

அந்த அவ்வளவுதான் வேலைக்கு எனக்கு ரெண்டு நாள். எஞ்சின் முழுசா ஆறுன பிறகு, ராத்திரி நிறுத்தி வெச்சு காலைலதான், ரேடியேட்டர் கேப்பைத் தொறந்து அடியில இருக்கற டிரெயின் பிளக்கைத் திருகி பழைய தண்ணிய ஒரு அகல டப்புல பிடிச்சேன். டிகாஷன் கலர். ஹோஸ் ரெண்டும் பழசு, சட்டுன்னு வராது, இழுத்தா எஞ்சின் பக்கம் இருக்கற பைப் வளையும், அதனால கட்டிங் பிளையர்ல லேசா பிடிச்சு இடதும் வலதுமா திருகித் திருகி விலக்கணும், அப்பவும் வரலைன்னா நீளவாட்டுல பிளேடால ஒரு கீறல். வெர்னியர்ல அளந்தா ஹீட்டர் பைப் வெளி அளவு பதினாறு மில்லி காட்டுச்சு. ஆட்டோ ஸ்பேர்ஸ் கடைல அதே அளவு ஹோஸ் ரெண்டடி 160-க்கு வாங்கி, எஞ்சின் பக்கம் இருக்கற ரெண்டு பைப்புக்கும் நடுவுல ஆங்கில யு மாதிரி வளைச்சு மாட்டுனேன். நேர் ஹோஸை வளைச்சா என்ன ஆகும்? நடுவுல நசுங்கி மடிஞ்சுது. மடிப்புல ரெண்டு விரல் வெச்சு அமுக்கிப் பார்த்துட்டு, தண்ணி போகும் போகும்னு எனக்கு நானே சொல்லிகிட்டு கூலன்ட் ஊத்தி கெளம்பிட்டேன்.

ஜிஎஸ்டி ரோடு, குரோம்பேட்டை, சாயங்காலம் ஆறரை மணி டிராஃபிக். டெம்பரேச்சர் முள்ளு எப்பவும் பாதிக்குக் கொஞ்சம் கீழ நிக்கும், அன்னைக்கு பாதி தாண்டி, முக்கால் தாண்டி ஏறுது. ஏசிய ஆஃப் பண்ணேன், எறங்கல. பழைய டிரைவருங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு வைத்தியம் இருக்கு, வண்டி சூடேறுனா ஹீட்டரை ஃபுல்லா தொறந்து ஃபேனைப் போடு, எஞ்சின் சூடு உள்ள வந்து முள்ளு எறங்கும். கை ஹீட்டர் லிவருக்குப் போன பிறகுதான் ஞாபகம் வருது, அந்த ஹீட்டரைத்தான் காலைல நானே கட் பண்ணி வெச்சிருக்கேன். ஓரமா ஒதுக்கி எஞ்சினை ஆஃப் பண்ணி, பானெட்டைத் தொறந்து வெச்சுட்டு டீக்கடைல நாப்பது நிமிஷம். பைபாஸ் பண்றவங்க இதை மனசுல வெச்சுக்கோங்க, அவசரத்துக்கு இருந்த ஒரு வழி உங்களுக்கு இனிமே கெடையாது, அதனால ரேடியேட்டர் ஃபேன் ஓடுதா, ஃபேன் ரிலே சரியா இருக்கான்னு பார்த்து வெச்சுக்கணும்.

நான் மடிஞ்ச ஹோஸைத்தான் குத்தவாளின்னு நெனச்சேன். மறுநாள் அதை மாத்துனேன், ஆனா முள்ளு ஏறுனது அதனால இல்ல, உள்ள மாட்டிகிட்ட காத்தால. அது தெரிய இன்னொரு நாள் ஆச்சு. முதல்ல ஹோஸ் கதைய முடிச்சிடறேன். தெருமுனைல வீட்டு ஏசி மாட்டற தம்பி ஒருத்தர் இருக்காரு, அவர் கிட்ட செம்புக் குழாய் வெட்டுன துண்டு கெடக்கும். ஏசில போற தடிமனான பைப் 5/8 இஞ்ச், மில்லிக் கணக்குல பதினாறுக்கு மயிரிழை கம்மி, நமக்கு வேணும்கற அதே சைஸ். நாலு இஞ்ச் துண்டு ஒண்ணு வெட்டி, ரெண்டு நுனியும் அவரோட ஃபிளேர் டூல்ல லேசா விரிச்சுக் கொடுத்தாரு, ஹோஸ் வழுக்கி வராம இருக்க. "காசெல்லாம் வேணாம்ணே, டீ வாங்கிக் குடுங்க"ன்னாரு. பழைய ஹோஸ் ரெண்டையும், அதுல இருந்த இயற்கையான வளைவோட, எஞ்சின் பக்கம் மறுபடி மாட்டி, சுவர்ப் பக்க நுனிகளை இந்தச் செம்புத் துண்டுல சேர்த்து கிளிப் போட்டேன். மடிப்பே இல்லாம உட்கார்ந்துச்சு. திருகுற கிளிப் நாலு, ஒண்ணு 25. கை இறுக்கத்துக்கு மேல அரைச் சுத்து போதும், பழைய ரப்பர் ரொம்ப இறுக்குனா கிளிப்பே வெட்டிரும். சுவர்ல நீட்டிகிட்டு இருக்கற ஹீட்டர் பைப் ரெண்டுக்கும் உள்ள காத்து ஊதி மிச்சத் தண்ணிய வெளிய எடுத்துட்டு ரப்பர் மூடி போட்டுட்டேன், இல்லன்னா அந்த மிச்சமும் கார்பெட்டுக்குத்தான் போகும்.

அப்புறம் கழுவறது. பேட்டரிக்கு ஊத்தற டிஎம் வாட்டர் அஞ்சு லிட்டர் கேன் ரெண்டு, 200 ரூபா. ஊத்தி பத்து நிமிஷம் ஓட்டி, ஆற விட்டு, எறக்கி, மூணு தடவை. முதல் தடவை டிகாஷன், ரெண்டாவது டீ, மூணாவது சுமாரா எலுமிச்சை ஜூஸ். கான்சன்ட்ரேட் கூலன்ட் ரெண்டு லிட்டர் 640, மிச்சம் இருந்த டிஎம் வாட்டரோட பாதிக்குப் பாதி கலந்து, மொத்தம் மூணரை லிட்டர் கிட்ட உள்ள போச்சு. ரேடியேட்டர் கேப்போட ரப்பர் வெடிச்சிருந்துச்சு, பிரஷர் அளவு 0.9-ன்னு பொறிச்ச அதே மாதிரி புது கேப் 180. நம்பர் மாறி வாங்கிராதீங்க.

காத்து எடுக்கறதுக்கு, அபார்ட்மென்ட் பார்க்கிங் சரிவுல மூக்கு மேல பார்க்கற மாதிரி வண்டிய நிறுத்துனேன், ரேடியேட்டர் வாய்தான் எல்லாத்தையும் விட உசரமா இருக்கணும். எஞ்சின் ஆறியிருக்கும்போதே கேப்பைத் தொறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணி, ஐடில்ல விட்டேன். பத்து நிமிஷம் ஒண்ணும் இல்ல. தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானாதான் தொறக்கற வால்வு) தொறந்ததும் லெவல் சர்ருன்னு எறங்குச்சு, ஊத்துனேன், குபுக்குன்னு ஒரு பெரிய குமிழி, மறுபடி எறங்குச்சு, மறுபடி ஊத்துனேன். மேல் ஹோஸைத் துணி சுத்தி அமுக்கி அமுக்கி விட்டா சின்னக் குமிழியா வந்துகிட்டே இருந்துச்சு. ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கிற வரைக்கும் காத்திருந்து கேப்பை மூடுனேன். அன்னைக்கு ராத்திரி ஜிஎஸ்டி ரோட்டுல அதே டிராஃபிக்ல ஓட்டுனேன், முள்ளு பாதிக்குக் கீழ, செவுத்துல ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. மறுநாள் காலைல ஆறுன எஞ்சின்ல பார்த்தா ரிசர்வ் டேங்க்ல ஒரு விரல் எறங்கியிருந்துச்சு, ஊத்துனேன், அதோட சரி.

இங்க முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். கார்பெட்டை முழுசா எடுத்து காய வைப்போம்னு இறங்குனேன். சீட் போல்ட் நாலு, பதினாலாம் நம்பர், பின்னாடி ரெண்டும் துருப்பிடிச்சு கத்துச்சு, லூப்ரிகன்ட் ஸ்ப்ரே அடிச்சு ராத்திரி முழுக்க விட்டு காலைலதான் திரும்புச்சு. கதவுப் படி பிளாஸ்டிக்கைக் கழட்டி கார்பெட்டை மடிச்சா, கீழ ஒரு பஞ்சு மெத்தை ஒட்டியிருக்கும், சத்தம் தடுக்க. அதைத் தூக்கறப்பவே குழந்தைய தூக்கற கனம். வீட்டு எடை மிஷின்ல வெச்சா 6.4 கிலோ. மாடில கொடில போட்டு நாலு நாள் வெயில்ல காய்ஞ்சும் சதசதப்பு போகல, கூலன்ட் காத்துல இருக்கற ஈரத்தையும் சேர்த்து இழுக்கும். ரெண்டு தடவை வாஷிங் பவுடர்ல அலசி மறுபடி காயப் போட்டதும்தான் 2.3 கிலோவுக்கு வந்துச்சு. நாலு கிலோ தண்ணியத் தூக்கிகிட்டு ஓட்டிட்டு இருந்திருக்கேன். பஞ்சு அலசுனதுல உதிர ஆரம்பிச்சுட்டதால அதைத் தூக்கிப் போட்டுட்டு புது ஃபெல்ட் 450-க்கு வாங்க வேண்டியதாப் போச்சு.

அந்தப் பஞ்சுக்கு அடில தகரம் பக்கோடா மாதிரி உப்பியிருந்துச்சு. ஸ்க்ரூடிரைவர் பின்பக்கத்தால தட்டிகிட்டே வந்தேன், நல்ல எடத்துல டங்குன்னு கேட்கும், கெட்ட எடத்துல டப்புன்னு செத்த சத்தம். டப்புன்னு கேட்ட எடத்துல முனையால அமுக்குனா உள்ள போயிருச்சு, கீழ தரை தெரியுது. அஞ்சு ரூபா காயின் சைஸ் ஓட்டை, சுத்தி கையகலத்துக்கு தகரம் அப்பளம். வண்டி வாங்குறப்ப அடியில பளபளன்னு புதுசா கருப்பு அண்டர்கோட்டிங் அடிச்சிருந்துச்சு, நான் அதைப் பார்த்துட்டு பரவாயில்ல நல்லா மெயின்டெய்ன் பண்ணியிருக்காங்கன்னு மெச்சிகிட்டேன். இப்ப சுரண்டிப் பார்த்தா அந்தக் கோட்டிங் துருவுக்கு மேலயே அடிச்சது. பழைய வண்டி பார்க்கப் போனா புதுக் கருப்பைப் பார்த்து மயங்காம காலடி கார்பெட் ஓரத்தைத் தூக்கி ஒரு டார்ச் அடிச்சுப் பாருங்க, வித்தவர் மொறைச்சாலும் பரவாயில்ல.

கீழ் வீட்டுத் தம்பியோட ஆங்கிள் கிரைண்டரை வாங்கி, கம்பி பிரஷ் கப் ஒண்ணு 140-க்கு மாட்டி, துருவைத் தேச்சேன். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், பிரஷ்ல இருந்து ஒரு கம்பி பிச்சுகிட்டு வந்து சட்டைல குத்தி நின்னுச்சு, அது கொஞ்சம் மேல வந்திருந்தா இதை எழுதிகிட்டு இருக்க மாட்டேன். பேச்சுக்கு வெச்சுக்குவோம், தேச்ச பிறகு ஓட்டை காயின் சைஸ்ல இருந்து சப்பாத்தி சைஸ் ஆயிருச்சு. நல்ல தகரம் வர்ற வரைக்கும் வெட்டிட்டுதான் ஒட்டுப் போட முடியும், அப்பளத்து மேல வெல்டிங் நிக்காது.

டிங்கர் கடை ரெண்டு பார்த்தேன். முதல் கடைல கேஸ் வெல்டிங் வெக்கறேன்னாங்க, அந்தச் சூட்டுல மெல்லிசு தகரம் அலை அலையா நெளியும், சுத்தி இருக்கற பெயின்டும் கருகும்னு பயந்து வந்துட்டேன். ரெண்டாவது கடைல சூடு கம்மியா பரவுற சிஓடூ வெல்டிங் இருந்துச்சு. நான் பெருமையா ஜிஐ தகடு, துத்தநாகம் பூசுனது, வாங்கிட்டுப் போனேன், துருப்பிடிக்காதேன்னு. அந்த டிங்கர் அண்ணன் பார்த்துட்டு "சார், இதுல வெல்டிங் வெச்சா துத்தநாகப் புகை வரும், எனக்கு ராத்திரி காய்ச்சல் வரும், நீங்க வந்து கஞ்சி காய்ச்சித் தருவீங்களா"ன்னு கேட்டுட்டு அவர் கிட்ட இருந்த இருபது கேஜ் சாதா தகட்டுல ஒன்பதுக்கு ஆறு இஞ்ச் வெட்டுனாரு, சுத்தி அரை இஞ்ச் ஏறி உட்கார்ற மாதிரி. பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டி, எஞ்சின் கம்ப்யூட்டர் சாக்கெட்டையும் உருவிட்டாரு, அதை நான் சொல்லாமயே அவரா பண்ணது மேல எனக்கு நம்பிக்கை வந்துச்சு. ஒரே இழுப்பா வெக்காம அங்க ஒரு பொட்டு இங்க ஒரு பொட்டுன்னு மாத்தி மாத்தி வெச்சாரு, பக்கத்துல ஒரு பக்கெட் தண்ணியும் ஈரச் சாக்கும். தகட்டோட சேர்த்து 1,800.

மிச்சம் நான். வெல்டிங் ஓரத்துல ரஸ்ட் கன்வெர்டர், 350, துரு நெறம் கருப்பா மாறுற வரைக்கும், ஒரு நாள் காய விட்டு ப்ரைமர் ரெண்டு கோட், 220. கடைக்காரர் கொடுத்த ரெட் ஆக்சைடையே அடிச்சுட்டேன், இப்ப யோசிச்சா எபாக்ஸி ப்ரைமர் வாங்கியிருக்கணும், ரெட் ஆக்சைடு தனியா நின்னா ஈரத்தை முழுசா தடுக்காது. அது மேல மேலயும் கீழயும் ஓரம் முழுக்க சீம் சீலர் (இடுக்கு அடைக்கிற பசை) பிரஷ்ல இழுவுனேன், 380. பொங்கல் லீவு நாலு நாளும் இதுலயே போச்சு, மாட்டுப் பொங்கலுக்கு பக்கத்து வீட்டு மாட்டுக் கொம்புக்கு பெயின்ட், எங்க வீட்டுல காருக்கு பெயின்ட்.

கணக்கு: வீணாப் போனது, சிலிக்கான், கன், மடிஞ்ச ஹோஸ், மெக்கானிக் 300 எல்லாம் சேர்த்து 790. தண்ணி வேலைக்கு 1,120. தகர வேலைக்கும் ஃபெல்ட்டுக்கும் 3,340. மொத்தம் 5,250. வேட்டித் துணியை முதல் நாளே அழுத்திப் பார்த்திருந்தா முதல் கணக்கு மிச்சம், போர் தண்ணி ஊத்தாம இருந்திருந்தா மூணுமே மிச்சம். செம்புத் துண்டை மட்டும் அடுத்த கூலன்ட் மாத்தும்போது பித்தளைல லேத்துல கடைஞ்சு மாத்தலாம்னு இருக்கேன், செம்பு மெல்லிசு, எஞ்சின் ஆட்டத்துக்கு எத்தனை வருசம் தாங்கும்னு பார்க்கணும்.

கதவுப் படி பிளாஸ்டிக்கை இன்னும் ஸ்க்ரூ போட்டு முடிக்கல, தினமும் கார்பெட்டைத் தூக்கிப் பேப்பரைப் பார்க்கணுமே. வீட்டுக்காரம்மா காலைல காபி வைக்கும்போதே "இன்னைக்கு கார் பேப்பர் படிச்சாச்சா"ன்னு கேட்கறாங்க. டிரைவர் பக்கத்து கார்பெட்டை நான் இதுவரைக்கும் தூக்கிப் பார்க்கல. ஸ்க்ரூடிரைவர் கைல இருக்கு, தைரியம்தான் வரல, ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்.